கம்பு கனக்கும் நாளில்

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் சிலம்பப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய சிறப்புரை. விழா மலர் வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் பரிசு பெற்ற பிள்ளைகளைப் பாராட்டுவது மரபு. இன்று மேடையேறிக் கிண்ணம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்து. ஆனால், எனக்குத் தந்திருக்கும் இந்தச் சில நிமிடங்களை மேடைக்கு வராத ஒரு பிள்ளைக்காகச் செலவிட அனுமதி கேட்கிறேன்.

அந்தப் பிள்ளையை உங்களுக்கும் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் சிலம்ப வகுப்புக்கு முதல் ஆளாக ஓடி வந்து பெயர் கொடுத்த பிள்ளை. மூன்று நான்கு மாதம் ஒரு நாள் தவறவில்லை. வீட்டில் துடைப்பக்கட்டையைக்கூட விட்டு வைக்காமல் சுழற்றியது. பிறகு ஒரு நாள், "இன்னிக்கி வயிறு வலிக்குது சார்" என்றது. அடுத்த வாரம், "டியூஷன் இருக்கு சார்." அதற்கடுத்த வாரம் ஆளையே காணோம். கராத்தே வகுப்பிலும் இதே கதைதான். தேக்குவாண்டோ, சிலாட், வூஷு எதைக் கற்றுத் தருகிறவரைக் கேட்டாலும் இதையே சொல்லுவார்.

இப்படி நின்று போகிற பிள்ளைக்கு நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். 'ஆரம்ப சூரத்தனம்' என்கிறோம். சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டும் போகிறோம். அது நியாயமில்லை என்பது என் எண்ணம். சோர்வு எல்லாருக்கும் வரும். அதிலும் கொஞ்ச தூரம் வந்தவனுக்குத்தான் அது பெரிதாக வரும். முதல் வாரத்தில் யாருக்காவது சலித்துப் போகுமா? சலிப்பு வருகிறதென்றால் அந்தப் பிள்ளை வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

திருக்குறள் படிக்கிற மாணவர்களே, ஒரு சிறு வேலை செய்யுங்கள். பொருட்பாலில் 60ஆம் அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள், ஊக்கமுடைமை. அடுத்து 61, மடியின்மை. 62, ஆள்வினையுடைமை. 63, இடுக்கண் அழியாமை. ஊக்கம் ஒன்றே போதுமென்றால் 60ஆம் அதிகாரத்தோடு கதை முடிந்திருக்கும். அதற்கு அடுத்ததாகவே சோம்பலைப் பற்றிய பேச்சு வருகிறது. பிறகு முயற்சி. அதன் பிறகு துன்பம் வந்தபோது கலங்காமை. ஒரு வித்தை கற்கிற பிள்ளை கடந்து போகிற வழியும் அநேகமாக இதே வரிசைதான்.

சரி, இந்தச் சோர்வு ஏன் வருகிறது? காரணம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

முதல் காரணம், வித்தை வளருகிற விதம். அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்று இரண்டு ஆய்வாளர்கள் இருந்தார்கள். தந்தி அடிக்கக் கற்றவர்களை வாரா வாரம் சோதித்து, 1897லும் 1899லும் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டுக்கடா ஓசையைக் காதால் கேட்டுச் செய்தியை வாங்குகிற திறமை முதலில் விறுவிறு என்று ஏறியது. பிறகு வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் நின்றது. எவ்வளவு உழைத்தாலும் கோடு மேலே போகவில்லை. விடாமல் இருந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் அது மறுபடி ஏறத் தொடங்கியது.

அந்தத் தேக்கத்தில் என்ன நடந்தது? அதுவரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், சொல் சொல்லாகக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தார்கள் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கம் சொன்னார்கள். எழுத்து யோசிக்காமலே வரும் அளவுக்கு ஊறின பிறகுதான் மனம் சொல்லுக்குப் போக முடிந்தது. இந்த ஊறுதல் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

சிலம்பத்திலும் இதுவேதான். முதலில் காலடியைத் தனியாகச் சொல்லித் தருகிறோம். கம்பு சுற்றுவதைத் தனியாகச் சொல்லித் தருகிறோம். இரண்டும் பிள்ளைக்கு நன்றாக வருகிறது. அப்பாவும் அம்மாவும் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஆடச் சொல்கிறோம். உடனே கால் போன பக்கம் கை போகாது, கை போன பக்கம் கண் போகாது. கம்பு முழங்காலில் இடிக்கும். "எனக்கு முன்னாடி வந்துச்சு, இப்ப வரமாட்டேங்குது" என்று பிள்ளை அழுகிறது. போன வித்தை எங்கும் போகவில்லை, கண்ணே! எழுத்திலிருந்து சொல்லுக்குப் போகிற இடத்தில் நிற்கிறாய். அந்த இடத்தில் எல்லாருக்கும் கம்பு கனக்கும்.

இரண்டாவது காரணம், பலரும் கவனிக்காதது. ஐந்தாம் ஆறாம் ஆண்டிலும், இடைநிலைப்பள்ளிக்குப் போன புதிதிலும், பிள்ளைகள் மளமளவென்று வளருகிறார்கள். கையும் காலும் நீண்டு விடுகின்றன. பழைய கைக்கு எடுத்த அளவு புதிய கைக்குப் பொருந்தாது. நேற்று வரை இலேசாக ஆடிய பிள்ளை இன்று தடுமாறும். இது உடம்பு வளருகிற பருவத்தில் சில காலம் இருந்து தானே சரியாகிற ஒன்று. பிள்ளைக்கோ அது தெரியாது. "நான் மோசமாயிட்டேன்" என்றுதான் நினைக்கும்.

சிலம்பம் கற்றவர்களுக்குத் தெரியும், கம்பின் நீளத்தை ஆளின் உயரத்தை வைத்துத்தான் எடுப்போம். நிமிர்ந்து நின்றால் கம்பு நெற்றி வரைக்கும் வர வேண்டும் என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. பத்து வயதில் வாங்கிய கம்பைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நெற்றிக்குக் கீழே நிற்கும். ஆகவே, பெற்றோர்களே, "இவனுக்கு இதெல்லாம் வராதுங்க" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், தயவுசெய்து கம்பை ஒரு தடவை அளந்து பாருங்கள். குறை பிள்ளையிடம் இல்லை, கம்பு பழையதாகிவிட்டது என்பது சில சமயம் அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது காரணம், தடை. நம் ஜொகூரில் இதற்குக் குறைவே இல்லை. ஆண்டுக் கடைசியில் பருவமழை இறங்கினால் திடல் குளமாகிவிடும். 2006 டிசம்பரில் தொடங்கிய வெள்ளத்தையும் 2023 மார்ச் மாத வெள்ளத்தையும் சிகாமட், குளுவாங் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாடு முழுக்க எல்லா வகுப்புகளும் நின்றன. வார விடுமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014லிருந்து வெள்ளி, சனியாக இருந்தது, 2025 ஜனவரி முதல் மறுபடியும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. நாள் மாறினால் வகுப்பு மாறும், வகுப்பு மாறினால் வழக்கம் அறுந்து போகும்.

ஜொகூர் பாருவிலும் அதன் சுற்று வட்டாரத்திலும் இன்னொன்றும் உண்டு. விடியும் முன்பே எழுந்து காஸ்வே பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிற பெற்றோர்கள் எத்தனை பேர்! பிள்ளையை வகுப்புக்கு யார் கொண்டு போய் விடுவது? இந்தக் குடும்பங்களின் பிள்ளை இரண்டு வாரம் வராவிட்டால் அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நான்காவது, உண்மையான வலியும் களைப்பும். மணிக்கட்டு வீங்கியிருந்தாலோ, முட்டி வலித்தாலோ, சரியான தூக்கம் இல்லாவிட்டாலோ அது ஓய்வு கேட்கிற உடம்பு. அங்கே வீரம் காட்டக் கூடாது. மருத்துவரிடம் காட்டுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். மனம் சோர்ந்தால் களத்துக்கு வா, உடம்பு நொந்தால் உட்கார்ந்து பார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதும் கலையில் ஒரு பாடம்தான்.

காரணங்களைச் சொல்லிவிட்டேன். இனி ஒரு சாட்சியைச் சொல்கிறேன்.

சென்னையைச் சேர்ந்த பவானி தேவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாள்வீச்சு வீராங்கனை. 1993ல் பிறந்தவர். 2004ல் பள்ளியில் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதாம். வாள்வீச்சுதான் மிச்சம். ஆகவே அதில் சேர்ந்தார். வாள் விலை அதிகம். அதனால் பயிற்சிக்கு மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டார்கள், உண்மையான வாளைப் போட்டிக்கென்று பத்திரப்படுத்தினார்கள். மூங்கிலில் தொடங்கியவர் என்பதால் சிலம்பக்காரர்களாகிய நமக்கு அவர் ஒரு வகையில் உறவுதான்!

பதினான்கு வயதில் துருக்கியில் அவருக்கு முதல் வெளிநாட்டுப் போட்டி. களத்துக்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்தார் என்று கறுப்பு அட்டை காட்டிப் போட்டியிலிருந்தே விலக்கிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போய் ஆடாமல் திரும்பி வந்த பிள்ளையின் மனம் எப்படி இருந்திருக்கும்? அதோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. கேரளத்தில் தலச்சேரியிலுள்ள பயிற்சி நிலையத்தில் சேர்ந்து பயின்றார். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்கவில்லை. 2018ல் கான்பெராவில் நடந்த காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் தங்கம் வென்றார். 2021ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் களம் இறங்கினார். ஒலிம்பிக்கில் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

கணக்குப் போடுங்கள் மாணவர்களே, 2004லிருந்து 2021 வரை பதினேழு ஆண்டுகள்! அங்கே முதல் ஆட்டத்தில் துனீசியா வீராங்கனையை 15-3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோற்றார். பதினேழு ஆண்டு உழைப்பு ஒரே நாளில் முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2023ல் சீனாவின் வூஷி நகரில் ஆசியப் போட்டி நடந்தது. அப்போதைய உலக வெற்றியாளரான ஜப்பானின் மிசாக்கி எமுராவைக் கால் இறுதியில் தோற்கடித்து, வெண்கலம் வென்றார். ஆசிய வாள்வீச்சுப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அதன் பிறகு 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அவருக்குத் தகுதி கிடைக்கவில்லை. இதையும் சேர்த்தே சொல்கிறேன். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவதுதான் ஒரு கலைஞரின் முழு வரலாறு. பரிசு மேடையில் நாம் ஏற்றத்தை மட்டும் பார்க்கிறோம்.

இன்னொருவரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கராத்தே வகுப்புப் பிள்ளைகள் கிச்சின் புனாக்கோஷியின் பெயரைக் கேட்டிருப்பார்கள். 1868ல் ஒக்கினாவாவில் பிறந்தவர். சிறு வயதில் நோஞ்சான் பிள்ளை. வளர்ந்ததும் பள்ளி ஆசிரியரானார். பகலில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, இரவில் விளக்கு எடுத்துக்கொண்டு தம் ஆசான் அசாத்தோவின் வீட்டுக்கு நடந்து போவார். ஆசான் அவருக்கு ஒரே ஆட்ட வரிசையை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். சலித்துப் போனதை அவரே தம் நூலில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அடுத்த இரவும் போனார். 1922ல் தோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயை ஆடிக் காட்டியபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. வருமானம் இல்லாமல், மாணவர் விடுதியில் தங்கி அறைகளைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே கலையைச் சொல்லிக் கொடுத்தார். இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் அவருடைய வரிசையை ஆடுகிறார்கள்.

இந்த இரண்டு பேரிடமும் நான் காண்பது ஒன்றுதான். ஊக்கம் வரட்டும், பிறகு போகலாம் என்று இவர்கள் காத்திருக்கவில்லை. சோர்வான நாளிலும் போனார்கள். ஊக்கம் விருந்தாளி மாதிரி, வரும், போகும். வழக்கம் வீட்டு ஆள் மாதிரி, கூடவே இருக்கும். விருந்தாளி வரவில்லை என்று யாராவது உலை வைக்காமல் இருப்பார்களா?

ஆகவே, மாணவச் செல்வங்களே, கம்பு கனக்கும் நாளில் என்ன செய்வது என்று சில யோசனைகளைச் சொல்கிறேன். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் பத்து நிமிடம் போதும். ஆசானுக்கு வணக்கம் வை, காலடி போடு, நாலு சுற்றுச் சுற்று, கம்பை வைத்துவிடு. மழையென்றால் வீட்டுக் கூடத்தில் கம்பில்லாமல் காலடி மட்டும் போடு. அன்றைய வேலை அதோடு முடிந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சிலம்பத்தில் அடி வைப்பதுதானே முதல் பாடம்!

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுது. 'இன்று இடக்கைச் சுற்று இரண்டு தடவை தவறியது' என்று எழுதினாலும் போதும். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார். இன்றைக்கு நீ யோசிக்காமல் செய்கிற ஒன்றை அன்றைக்கு முடியவில்லை என்று எழுதியிருப்பாய். கண்ணாடியில் தெரியாத வளர்ச்சி நோட்டில் தெரியும்.

உன்னைவிடச் சிறிய பிள்ளைக்கு ஒரு காலடி சொல்லிக் கொடு. சொல்லிக் கொடுக்கும்போது உனக்கு எவ்வளவு தெரியும் என்று உனக்கே தெரியவரும். சலிப்புக்கு இதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை.

பின்வாங்க வேண்டி வந்தால் வெட்கப்படாதே. வெளியில், முன் வைத்த காலைப் பின் வைக்காதே என்பார்கள். சிலம்பக் களத்தில் அப்படி ஆடினால் மண்டை வீங்கும்! பின்னால் எடுத்து வைக்கிற காலடியையும் நாங்கள் முறையாகச் சொல்லித்தான் கொடுக்கிறோம். ஒரு மாதம் விட்டுப் போயிருந்தால், அடிப்படைக் காலடிக்கே திரும்பி வந்து தொடங்கு. யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் என்னிடம் சொல்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே. விட்டுவிடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் சிலம்பக்காரர் ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? பாட்டுப் பிடித்தால் பாடு, பந்து பிடித்தால் ஆடு. ஆனால் தோற்ற நாளிலும், திட்டு வாங்கிய நாளிலும், கம்பு முட்டியில் இடித்த நாளிலும் அந்த முடிவை எடுக்காதே. நன்றாக ஆடின ஒரு நாள் வரும். அன்று வீட்டுக்குப் போய் யோசி. அன்றைக்கும் வேண்டாம் என்று தோன்றினால், தவணை முடியும் வரை வந்துவிட்டு, ஆசானிடம் சொல்லிக்கொண்டு போ. வாசல் திறந்தே இருக்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிந்து வண்டியில் ஏறும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது, "ஜெயிச்சியா? உன்னை எடுத்தாங்களா?" என்பதுதான். அதற்குப் பதிலாக, "இன்னிக்கி என்ன புதுசா கத்துக்கிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில்தான் வரும். இரண்டாம் கேள்விக்கு வீடு வரைக்கும் கதை வரும். மாலையில் வேலை முடிந்து வர முடியாதவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்த்து ஒரே வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உதவி கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இதில் ஒரு பிள்ளையின் காரியம் மட்டும் அடங்கவில்லை. நம் முன்னோர் பால்மரக் காட்டுக்கு வந்தபோது இந்தக் கம்பாட்டத்தையும் கூடவே கொண்டு வந்தார்கள். லயத்துக்கு முன்னாலும் கோயில் திருவிழாவிலும் ஆடினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. மக்கள் ஸ்கூடாய், மாசாய், கூலாய் என்று சிதறிப் போனார்கள். ஆடுகிற களமும் அதோடு போயிற்று. இன்று பல இடங்களில் தமிழ்ப்பள்ளித் திடல்தான் களம். அங்கே இருபது பேர் வந்தால் அது வகுப்பு. ஐந்து பேராகக் குறைந்தால் அடுத்த ஆண்டு வகுப்பு இருக்காது. சோர்வைத் தாண்டித் திரும்பி வருகிற ஒவ்வொரு பிள்ளையும் பின்னால் வரப்போகிற ஒரு பிள்ளைக்குக் களத்தைக் காத்துக் கொடுக்கிறது.

ஆகவே, இன்று பரிசு வாங்கியவர்களே, உங்களுக்கும் ஒரு நாள் கம்பு கனக்கும். அன்று இந்தப் பேச்சு நினைவுக்கு வரட்டும். பரிசு வாங்காதவர்களே, பாதியில் நின்று போனவர்களே, அடுத்த வகுப்பு வழக்கமான நேரத்தில் நடக்கும். தாமதமாக வந்தாலும் நாங்கள் கறுப்பு அட்டை காட்ட மாட்டோம். வாருங்கள்!